அன்னாள் சத்தியநாதன் அம்மையார்

இல்லத்தைப் பேணும் தாயின் தொழிலை ‘வீட்டு வேலை’ என்னும் இரு சொற்களுள் அடக்கிவிடுவது உலக வழக்கு. விடியலில் அடுப்பு மூட்டுவது முதல், இரவில் குழந்தைகளுடன் ஜெபித்து அவர்களை உறங்கச் செய்வது வரை அவள் புரியும் பணிகள் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. ஆயினும் நம் நாட்டுப் பெண் கல்வியின் வரலாற்றை ஆராயப் புகுவோமாயின், இத்தகைய தாய்மார் சிலருடைய உழைப்பை அதன் தொடக்கத்திலேயே காண்போம். அவர்களுள் ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சிந்திப்போம்.

நம் சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகள் 1910-ம் ஆண்டில் இராமநாதபுரம் ஜில்லா ஏற்படும் வரையில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. சர்ச் மிஷனெரி சங்கத்தாரின் திருநெல்வேலி மிஷனும் இப்பகுதிவரை பரவியிருந்தது. அச்சங்கத்தைச் சேர்ந்த ராக்லண்டு ஐயர் 1854-ம் ஆண்டு முதல் இங்கே கூடாரமடித்து ஊர் ஊராய்ச் சென்று ஊழியஞ் செய்து, 1858-ல் சிவகாசியிலேயே உயிர் நீத்தார். அவர் பெயரை நம்மிற் பலர் அறிவோம். அதே மிஷனில் அதே தலைமுறையில் தோன்றிய அன்னாள் அம்மையாரை அறிந்தவர் சிலரே.

அன்னாளின் தந்தையார் ஜான் தேவசகாயம் ஐயர், தென்னிந்தியாவில் அச்சங்கத்தின் முதல் இந்தியக் குருவானவர். 1830-ல் குருப்பட்டம் பெற்றவர். பெண்ணுக்கு எழுத்துக் கற்பிப்பதே பழிக்கத்தக்கதென்று பலரும் எண்ணிய காலம் அது. அக்காலத்தில் பக்தியும் கல்வியும் ஒருங்கே நிலவிய குருமனையில் வளர்ந்த அன்னாள், பிற்காலத்தில் குருவானவரான டபிள்யூ. டி. சத்தியநாதனை மணந்தார்.

பின்னர்க் கணவரும் மனைவியும் சென்னை சேர்ந்தனர். ஐயர் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் சபையின் போதகரானார். குருவானவர் மனைவிக்குரிய பணிகளும், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்புமே ஒருவருடைய நாள் முழுவதையும் கொள்ளத்தக்கவை. அம்மையார் அவற்றுடன் இந்துச் சிறுமியருக்கெனப் பாடசாலைகளையும் ஏற்படுத்தி நடத்தினார். ஆனால் பாடசாலை மட்டும் போதுமானதாயிருக்கவில்லை. உயர்குடிச் சிறுமியர் இளம் பிராயத்திலேயே மணமாகிப் படிப்பை நிறுத்தினர். அதன்பின் அவர்கள் வெளியே வருவது அரிது. ஆதலால் ஆசிரியைகளே வீடுதோறுஞ் சென்று, அங்குள்ள பெண்களுக்கு வாசிப்பும் தையலும் வேதபாடமும் கற்பிக்க வேண்டியதாயிற்று. இந்த அந்தப்புர ஊழியத்திலும் அம்மையார் ஈடுபட்டார். அயலார் வீட்டு முற்றத்தில் ஒரு பெண்ணின் நம்பிக்கையைப் பெறுவதற்கு, இல்லற அனுபவமுள்ள தாயைவிடத் தகுதியுடையார் யாவர்?

நல்ல தாய் எத்தகையள் என்பது குறித்து அம்மையார் தமிழில் ஒரு நூலும் இயற்றினார். தாய்மை இயல்பாய் வருவது; அதில் கற்க என்ன உண்டு என்று கேட்போர் இன்றும் உளர். பிள்ளை வளர்ப்பு, சிந்தித்துக் கற்றுப் பயில வேண்டியதொரு கலை என்பதற்கு அவர் அதைப் பற்றி ஒரு நூல் எழுதியதே சான்றாகும். 1878-ல் கணவருடன் இங்கிலாந்து சென்று வந்த அவர், 1890-ல் இறைவனடி சேர்ந்தார்.

அவ்வில்லத்தின் கல்வி அவரோடு முடிந்துவிடவில்லை. மகன் சாமுவேல் சத்தியநாதன் கேம்பிரிட்ஜில் பயின்று, சென்னை இராஜதானிக் கலாசாலையில் பேராசிரியரானார். மருமகள் கிருபாபாய் ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா’ என்னும் கதை, 1887, 1888-ம் ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவ கலாசாலைப் பத்திரிகையில் தொடர்ந்து வெளிவந்தது. கிருபாபாய் 1894-ல் மறைந்தபின் சாமுவேலை மணந்த கமலா அம்மையார், 1901-ல் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்னும் மாதர் பத்திரிகையைத் தொடங்கினார்.

இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம், பெண்கள் வீட்டோடு அடங்கியிருப்பதே நலம் என்பதன்று. அன்னாளிடம் விளங்கிய தாய்மைக்குக் கல்வி துணைநின்றது. தாயைத் தெய்வமென்று வாயால் வாழ்த்திக்கொண்டே, தாயாகப் போகும் சிறுமியின் புத்தகத்தைப் பறிப்பது வாழ்த்தாகாது.

நம் பகுதிக்கு இஃது எவ்வளவு பொருத்தம் என்பதை எண்ணிப் பாருங்கள். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பட்டாசுத் தொழிலும் அதனையொட்டி வளர்ந்தது. மழை பொய்க்கும் கரிசல் பூமியில் இத்தொழில்கள் எண்ணிறந்த குடும்பங்களுக்குச் சோறளித்தன. ஆனால் பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்தமையால், பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுமியர் பலர் தாயருகில் அமர்ந்து பசை தடவினர். தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் குழந்தைகளை அமர்த்தலாகாதென்று 1986-ம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எனினும், அன்றாடக் கூலியில் ஒரு பங்கை இழந்து மகளைப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்த தாயே அச்சட்டத்தின் நோக்கத்தைத் தன் வீட்டில் நிறைவேற்றினாள்.

நம் கலாசாலையில் பயிலும் மாணவ மாணவியருள் அத்தகைய தாய்மாரின் மக்கள் பலர் உளர். பட்டம் பெறும் நாளில் அவர்களை வணங்குவது நன்று. விடுமுறையில் வீடு செல்லும்போது, எழுத்தறியாத தாய்க்கோ அண்டைவீட்டுச் சிறுமிக்கோ நாள்தோறும் ஒரு நாழிகை அமர்ந்து கற்பிப்பது அதனினும் நன்று. அன்னாள் அம்மையாருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவே.