காண்டாமிருக வண்டு

மதுரவாயலுக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது வேலப்பன்சாவடி. வீடுகள் நெருங்கிவிட்ட இப்பக்கத்திலும் கொல்லையில் ஒன்றிரண்டு தென்னை வளர்ப்போர் உளர். மழை ஓய்ந்த இரவில், கட்டைவிரல் பருமனுள்ள கரிய வண்டொன்று பறந்து வந்து விளக்கில் மோதி மல்லாந்து விழும். தலையில் கொம்புடைமையால் அதனைக் காண்டாமிருக வண்டு என்பர். சிறுவர் அதனைக் கண்டு அஞ்சுவர். அது மனிதரைக் கொட்டுவதில்லை. அதனால் கேடுறுவது தென்னையே.

இவ்வண்டு விரியாத குருத்தைத் துளைத்து அதன் சாற்றை உண்ணும். பின்னர் விரியும் ஓலை, கத்தரிக்கோலால் நறுக்கிய விசிறிபோல் தோன்றும். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே. அது அழிந்தால் மரமும் பட்டுவிடும். புண்பட்ட இடத்தை நாடிச் சிவப்புக் கூன்வண்டும் வந்து முட்டையிடும்.

குருத்தினுள் புகுந்த வண்டை வளைந்த கம்பியால் குத்தி எடுப்பர். உள்ளடுக்கு மட்டை இடுக்குகள் மூன்றில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்கும் கலந்து இடுவர். ஆமணக்குப் பிண்ணாக்கு ஊறிய நீரைப் பானைகளில் வைத்தால், அதன் வாடையை நாடி வரும் வண்டுகள் உள்ளே வீழ்ந்து மடியும். இவை யாவும் வளர்ந்த வண்டுக்கு உரியவை. அது பிறக்கும் இடமோ எருக்குழி! மக்கிய சாணத்திலும், பட்ட தென்னையின் அடிக்கட்டையிலும் முட்டையிலிருந்து வெளிவந்த வெண்புழுக்கள் சில மாதங்கள் தின்று கொழுக்கின்றன. தம் மரத்தின் பகையைத் தாமே வளர்ப்பதை வீட்டார் பெரும்பாலும் அறியார்.

வண்டுக்கும் நோயுண்டு. 1909-இல் இலங்கையிலிருந்து ரப்பர்க் கன்றுகளோடு சமோவாத் தீவுகளை அடைந்த இவ்வண்டு, அங்குள்ள தென்னைகளைப் பெரிதும் அழித்தது. 1963-இல் மலேசியாவில் இவ்வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றைக் கண்டறிந்தனர். 1967-இல் அதனைச் சமோவாவில் பரப்பிய பின் சேதம் குறைந்தது.

நம் எருக்குழிக்கு ஏற்றது மெட்டாரைசியம் என்னும் பூஞ்சை. அதனை நீரில் கலந்து குழியில் தெளிப்பர். அதன் நுண்வித்துக்கள் புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, தோலைத் துளைத்து உட்புகுந்து பரவும். சில நாட்களில் புழு இறந்து விறைக்கும். முதலில் வெண்மையாகவும் பின்பு பச்சையாகவும் பூஞ்சை அதன் உடலைப் போர்த்தும். அப்பச்சைத் தூளே அடுத்த புழுவுக்கு நோயை அளிக்கும் வித்து. ஈரமின்றி அது முளைக்காது. காய்ந்த குழியில் தெளித்தல் வீணே. ஆதலின் மழைக்காலத்தில், குழி ஈரமாயிருக்கும்போது, எருவைக் கிளறிவிட்டு இதனை இடுவர்.