வாழைநாரும் குதிங்காலும்

அன்பு மருமகளுக்கு,

காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் குதிங்காலில் ஆணி குத்துவதுபோல இருக்கிறது என்று போனில் சொன்னாய். அதைக் கேட்டு நான் பதறவில்லை. அடுத்ததாகச் சொன்னாயே, "எலும்பு வளர்ந்திருக்காம் மாமா, ஆபரேஷன் செய்யணுமாம்" என்று, அதற்காகத்தான் இந்தக் கடிதம். இருபது வருஷமாகப் பிசியோதெரபி பார்ப்பவன் வீட்டுப் பிள்ளை எக்ஸ்ரேயைப் பார்த்து அழலாமா?

அந்த எலும்பு முள்ளை மறந்துவிடு. குதிங்கால் வலியே அறியாத எத்தனையோ பேரைப் படம் எடுத்தால் அதே முள் தெரியும். வலியால் துடிக்கிற பலருக்கு முள்ளே இருக்காது. வலி குணமானவர்களுக்கும் முள் அப்படியே இருக்கத்தான் செய்கிறது.

நோவது எலும்பு இல்லை, நார். குதிங்கால் எலும்பின் அடியில் பிடித்து, உள்ளங்கால் நெடுக ஓடி, ஐந்து விரல்களின் அடியிலும் போய் ஒட்டுகிற பட்டையான நார் அது. நாம் நிற்கும்போது பாதத்தின் வளைவு சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. நடக்கையில் விரல் மேலே மடங்கினால், கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுவதுபோல நார் விரலடியில் சுற்றி இறுகி, வளைவைத் தூக்கிக் கொடுக்கும். ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1954-இல் இதை விளக்கி எழுதினார். இந்த நார் நோவதைத்தான் டாக்டர்கள் பிளாண்டர் ஃபேஷியைடிஸ் என்கிறார்கள். அழற்சி என்று பொருள்படும் பெயர்தான். ஆனால் நாள்பட்ட வலியில் நாரை எடுத்துச் சோதித்தவர்கள் அழற்சியைவிடத் தேய்மானத்தையும் நைந்த இழைகளையும்தான் அதிகம் பார்த்தார்கள். வலி மாத்திரை அன்றைக்குக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் பழைய கதை தொடங்குவது இதனால்தான்.

முதல் அடி மட்டும் ஏன் அப்படிக் கொல்கிறது? மாட்டுத்தாவணியில் பஸ் மாறும்போது பூக்கட்டுகிற அம்மாக்களைப் பார்த்திருப்பாய். காய்ந்த வாழைநாரை அப்படியே இழுத்து முடிச்சுப் போடமாட்டார்கள். தண்ணீரில் நனைத்து, பதமாக்கிக்கொண்டுதான் மல்லிகையைத் தொடுவார்கள். தூங்கும்போது உன் பாதம் கீழ்நோக்கித் தொங்கி, நாரும் கெண்டைக்காலும் சுருங்கிக் கிடக்கின்றன. எழுந்ததும் மொத்த உடம்பையும் அவற்றின்மேல் போட்டால் வெடுக்கென்று இழுக்கும். பத்து எட்டு நடந்ததும் பதமாகிவிடுவதால் வலி குறைகிறது. கடை வேலையில் நின்று நின்று சாயங்காலம் மறுபடி வருகிறது.

ஆகவே முதல் வைத்தியம் தரையில் கால் படுவதற்கு முன்னால். கட்டிலில் உட்கார்ந்தபடி நோகிற காலை மறுதொடைமேல் போடு. கையால் விரல்களை முழங்காலை நோக்கி மடக்கி இழு. உள்ளங்காலில் நார் கம்பிபோல விறைப்பது மறுகைக்குத் தட்டுப்படும். பத்து எண்ணும்வரை பிடி. பத்துத் தடவை செய். ஒரு நாளைக்கு மூன்று வேளை. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வெறும் கெண்டைக்கால் நீட்டல் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு எட்டு வாரத்தில் நல்ல குணம் தெரிந்தது.

இரண்டாவது, நாருக்குப் பலம் ஏற்றுவது. மாடிப்படியில் முன்பாதம் மட்டும் பதிய நில். துண்டைச் சுருட்டி விரலடியில் கொடு. மூன்று எண்ணி மெதுவாக எக்கு, இரண்டு எண்ணி நில், மூன்று எண்ணி இறங்கு. முதலில் இரண்டு காலால், பழகியபின் ஒற்றைக்காலால், ஒருநாள் விட்டு ஒருநாள். டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் சோதித்த முறை இது. மூன்றாம் மாதத்தில் பலன் நன்றாகத் தெரிந்தது. மூன்றாம் நாளில் தெரியாது, தாயி. பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே சரியாகிவிடும். ஆனால் கணக்கு மாதத்தில்தான்.

அம்மாச்சி சொன்ன எருக்கிலைச் செங்கல் ஒத்தடத்தை நான் குறை சொல்லமாட்டேன். சூடு இதமாக இருக்கும். நாரைச் செப்பனிடுவது உடற்பயிற்சிதான். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் அந்தச் செங்கல்மேல் கால் வைக்கவே வேண்டாம். மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது.

இந்த வயதில் உனக்கு ஏன் வந்தது என்று கேட்டாயே. தீபாவளி நேரத்தில் கடையில் டைல்ஸ் தரையில், வெறுங்காலோடு, பன்னிரண்டு மணி நேரம் நின்றாய். அந்த நார் தேறுவதற்குள் தைப்பூசம் வந்தது. மேலூரிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை. முருகன்மேல் பழி இல்லை. நடந்து பழகாமல் திடீரென்று நூறு கிலோமீட்டருக்கு மேல் காலில் ஏற்றியதுதான் தப்பு. அடுத்த வருஷம் போவதானால் கார்த்திகையிலேயே நடக்கத் தொடங்கு.

வீட்டுக்குள்ளும் செருப்புப் போடு. தட்டையான ரப்பர் செருப்பு வேண்டாம், எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு என்று கேள். வேலூர்ப் பக்கம் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களைப் புண்ணிலிருந்து காக்க இந்த மெத்தென்ற ரப்பரைப் பயன்படுத்தினார்கள். இன்று அது நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது.

முதலாளியிடம் ஸ்டூல் கேட்கப் பயமாக இருக்கிறது என்றாய். நீ கேட்பது தயவு இல்லை. 2018-இல் கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாட்டிலும் 2021-இல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று 22-ஏ பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். தனியாகப் போகாதே, உங்கள் செக்‌ஷனில் நாலைந்து பேராகப் போய்க் கேளுங்கள். வாடிக்கையாளர் இல்லாத பத்து நிமிஷம் உட்கார்ந்தாலே நாருக்கு ஓய்வு.

ஊசி போடலாமா என்று கேட்டால், அவசரப்படாதே என்பேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிங்காலின் கொழுப்பு மெத்தை கரையலாம், நாரே அறுந்தும் போகலாம். ஆனால் வலியோடு மரத்துப்போவது, காய்ச்சல், வீக்கம், ராத்திரியில் படுத்தாலும் விடாத வலி, அல்லது இரண்டு குதிங்காலோடு காலையில் இடுப்பும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்துக்கொள்வது, இதில் ஒன்று இருந்தாலும் என் கடிதத்தை மூடிவிட்டு டாக்டரிடம் போ. பெரியாஸ்பத்திரிக்கு வருவதானால் நான் கூட வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது இப்போது போட்டுக்கொண்டிருக்கும் செருப்பையே போட்டு வா. வெட்கப்பட்டுப் புதுசு வாங்கிவிடாதே. அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா