கிளைப் பொறுப்பேற்கும் பேத்திக்கு

ஓடைப்பட்டி



கிளை மேலாளராக நீ நியமனம் பெற்ற செய்தி கேட்டு உன் பாட்டி பூஜையறையில் விளக்கேற்றினாள்; வங்கியில் முப்பதாண்டு கழித்தவன் என்ற உரிமையில், நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வங்கியில் வேலை தேங்குவது பெரும்பாலும் சோம்பலால் அன்று, அச்சத்தால். நான் இளநிலை அதிகாரியாயிருந்த ஒரு கிளையில், சிறு பிழைக்கும் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே சிப்பந்திகள்மீது சீறி விழும் மேலாளர் ஒருவர் இருந்தார். அவருக்கு அஞ்சி, தம் பொறுப்பில் கையெழுத்திட எவரும் துணியாமல், ஒவ்வொரு கடன் மனுவையும் ஏதேனும் ஒரு விளக்கம் கேட்டுத் திருப்பிக்கொண்டிருந்தோம். பகல் முழுதும் ஓய்வின்றி உழைத்தோம். ஆனால் நம் ஊர்த் திராட்சை விவசாயி, கவாத்துப் பருவம் கடந்த பிறகே பணத்தைக் கண்டார். கவாத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடையாகும் பயிருக்கு ஒரு மாதத் தாமதம் எத்தகைய நஷ்டம் என்பதைப் பந்தலடியில் வளர்ந்த நீ அறிவாய்.

அந்த மேலாளருக்குப் பின் வந்தவர், விதிப்படி பரிசீலித்த மனுவில் பின்னர்க் குறை கண்டால் மேலிடத்துக்குத் தாமே பதில் எழுதுவதாக முதல் நாளே சொல்லிவிட்டார். அதே ஊழியர்கள், அதே பேரேடுகள். மறு பருவத்தில் கவாத்துக் கத்தரி எடுக்கும் முன்பே பணம் பட்டுவாடா ஆயிற்று.

தலைமை மாறினால் வேலையும் மாறுவதைப் பெரிய அளவில் காண விரும்பினால் இந்தியன் வங்கியின் சரித்திரத்தைப் படி. ஆர்பத்நாட் கம்பெனியின் வீழ்ச்சியில் சென்னை மக்கள் சேமிப்பை இழந்ததை அடுத்து, 1907-இல் சுதேசி உணர்ச்சியோடு தோன்றிய அந்த ஸ்தாபனம், 1995-96-இல் சுமார் 1,336 கோடி ரூபாய் நஷ்டம் கண்டது. திரும்பி வாராத பெருங்கடன்கள் விளைவித்த அவமானத்தைக் கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தாவும் சுமக்க நேர்ந்தது. 2000-இல் தலைமையேற்ற ரஞ்சனா குமார் அம்மையாரின் காலத்தில், 2001-02-இல் வங்கி மீண்டும் லாபம் கண்டது. அரசு அளித்த மூலதனமும் விருப்ப ஓய்வுத் திட்டமும் துணை நின்றதை மறைக்கலாகாது. ஆயினும் மனம் சோர்ந்த ஊழியர்களை மூலதனம் மட்டும் எழுப்பிவிடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அச்சத்தைப் போக்குவது என்றால் கண்டிப்பையே கைவிடுவது அன்று. கடிந்துகொள்ளவே தெரியாத மேலாளரிடமும் பணிபுரிந்தேன்; அங்கே கணக்குச் சரிபார்ப்பு மாதக்கணக்கில் பின்தங்கிற்று. ஆகவே கேள்வி கேட்கத் தயங்காதே. உன் அறைக்குள் கேள். பொறுப்பேற்றதும், எந்த மேசையில் மனுக்கள் அதிக நாள் தங்குகின்றன என்று பார்த்து, அங்கிருப்பவரை அழைத்து உட்காரவைத்து, எதற்கு அஞ்சுகிறார் என்று விசாரி. அவர் சொன்னதை எனக்கு எழுது.

உன் தாத்தா