முதலில் சேஸைத் தட்டிப் பார்

வத்தலக்குண்டு,
12.10.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ போன் பண்ணியபோது உன் பக்கத்தில் பஸ் ஹாரன், எனக்கோ ஒரு காது மந்தம். பாதிதான் விழுந்தது. மீதியை உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் 2013 பொலேரோ பிக்கப் நீலப் புகை விடுகிறது, பாச்சலூர் ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே திணறுகிறது, இன்ஜினை இறக்கி வேலை பார்க்க ஒர்க்‌ஷாப்பில் 1,40,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். இருக்கிற நிலையிலேயே வண்டியை 1,80,000 ரூபாய்க்குக் கேட்கவும் ஆள் வந்திருக்கிறது. "ரெண்டு லட்சம் பெறாத வண்டிக்கு எவனாவது ஒன்றரை லட்சம் செலவழிப்பானா?" என்று மார்க்கெட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்களாம்.

அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. வண்டி என்ன விலை போகும் என்பது விற்கிறவன் கணக்கு. ஓட்டுகிறவனுக்கு வேறு கணக்கு: போடுகிற பணத்துக்கு இன்னும் எத்தனை மாதம் லோடு அடிக்கும்?

அதற்குப் பதில் இன்ஜினில் இல்லை, சேஸில் இருக்கிறது. இன்ஜின் தேய்கிற சாமான். ரிங், பிஸ்டன், பேரிங் எல்லாம் தேயும், மாற்றலாம், லேத்தில் கொடுத்துப் போர் பண்ணலாம், கிராங்க் கடையலாம். கிளட்ச், கியர் பாக்ஸ், ஸ்பிரிங் பட்டை எல்லாம் அப்படித்தான். சேஸ் அரித்துப்போனால் அதற்கு மாற்று கிடையாது. உன் வண்டியில் எனக்குப் பயம் அங்கேதான். கீழே இறங்கும்போது பீன்ஸ், சௌசௌ, வாழைத்தார். ஈர மூட்டைகளின் தண்ணீர் பாடிப் பலகை இடுக்கில் சொட்டிக்கொண்டே வரும். மேலே போகும்போது உரமூட்டை. பொட்டாஷ் என்பது உப்பு, மாப்பிள்ளை. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியது மழை ஈரத்தில் கரைந்து இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே உளுத்துப்போயிருக்கும்.

ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படு. சின்ன சுத்தியல் ஒன்று, டார்ச் ஒன்று. பின்பட்டை மாட்டுகிற பிராக்கெட் இருக்கிறதல்லவா, அதன் முன்னும் பின்னும் ஒரு முழத்துக்குச் சேஸைத் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு 'டங்' என்று கையைத் திருப்பி அடிக்கும். அரித்த இடத்தில் 'டொப்' என்று சத்தம் செத்துப்போகும், துரு தகடு தகடாக முகத்தில் கொட்டும். கண்ணை மூடிக்கொண்டு தட்டு. சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி அழுத்து. உள்ளே இறங்கினால் அத்தோடு பேச்சு முடிந்தது; 1,40,000 என்ன, 14,000 கூட அந்த வண்டியில் போடாதே. முன்பே யாராவது தகடு வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்களா என்றும் பார். ஒரு டன் லோடோடு கொண்டை ஊசி வளைவில் இறங்குகிற வண்டிக்கு ஒட்டுப்போட்ட சேஸ் ஆகாது. இதில் மட்டும் நான் யார் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

சேஸ் கணீரென்று இருந்தால் அப்புறம் புகைக்கு வா. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வழியாக வருகிறது? ரிங் தேய்ந்தாலும் நீலம், வால்வு சீல் போனாலும் நீலம், டர்போ சீல் கசிந்தாலும் நீலம். உன் வண்டியில் டர்போ இருக்கிறது. டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி விரலை விட்டுப் பார். லேசான ஈரம் சகஜம். எண்ணெய் வழிகிற அளவு நனைந்திருந்தால் முதல் குற்றவாளி டர்போதான். பிறகு இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, மேலே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, அதே ஓட்டைமேல் தலைகீழாக வை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் ரிங் இன்னும் தாங்குகிறது. கொதிக்கிற இட்லிப்பானை மூடி மாதிரி குதித்துக் கீழே விழுந்தால்தான் இன்ஜினை இறக்கவேண்டியிருக்கும். அப்போதும் கம்ப்ரஷன் பார்த்து நாலு சிலிண்டருக்கும் அளவை எழுதித் தரச் சொல். அளந்து பார்க்காமல் ரேட் சொல்கிற ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

1997-ல் நான் மெட்டடாரை விற்ற கதை உன் அம்மாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது. வண்டி கரும்புகை கக்கியது. டீக்கடையில் "கரி வண்டி வருது" என்று கிண்டல். எனக்கு ரோஷம். வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பைனான்ஸில் புது வண்டி எடுத்தேன். வாங்கியவன் நாசிலையும் ஏர் பில்டரையும் மாற்றி, பம்ப்பைச் சரிபார்த்தான். அவ்வளவுதான். ஆறு வருஷம் ஓட்டினான். எனக்கோ அந்த வருஷம் மழை ஏமாற்றி லோடே இல்லை. மூன்று தவணை நின்றது. ஒரு விடியற்காலை நாலு பேர் வந்து, ஏற்றியிருந்த முருங்கைக்காய்க் கட்டுகளை ரோட்டோரம் இறக்கி அடுக்கிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அந்தக் கட்டுகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தபோது என் பழைய மெட்டடாரே வந்து அதை ஏற்றிக்கொண்டு போயிற்று. வாடகையும் கொடுத்தேன்.

அதனால் இதை விற்றுப் புது வண்டி எடுப்பதென்றால் தவணைக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார். கையில் இருக்கிறது போக 8 லட்சம் கடன், 11 சதவீதம், 60 மாதம் என்றால் மாதம் சுமார் 17,400 ரூபாய். வட்டி மட்டுமே 2,43,000-க்கு மேல். புது வண்டி டீசல் மிச்சம் பிடிக்கும் என்கிறாய். வாஸ்தவம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுகிறாய். பழசு லிட்டருக்கு 10, புதுசு 13 என்றே வைத்துக்கொள். 58 லிட்டர் மிச்சம், லிட்டர் 92 ரூபாய் என்றால் 5,300 ரூபாய். மீதி 12,000 லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன் பையிலிருந்து போகவேண்டும். வேலை பார்க்கிற 1,40,000 மூன்று வருஷம் உழைத்தால் மாதத்துக்கு 3,900-தான். அதோடு இன்ஜின் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிற நாட்களுக்கு வாடகை வண்டி வைக்கவேண்டும், அதையும் சேர். அதுதான் யாரும் எழுதாத செலவு. அதனால் சீசன் ஓய்ந்த பிறகு இறக்கு, இப்போது இறக்காதே.

இன்சூரன்ஸ் பழசுக்குக் குறையும் என்று நினைக்காதே. 7,500 கிலோ வரைக்குமான லோடு வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி வரி நீங்கலாக 16,049 ரூபாய், வயசு எதுவானாலும் அதேதான். எட்டு வருஷம் தாண்டியதால் எஃப்.சி. (தகுதிச் சான்று) வருஷா வருஷம், பசுமை வரி தனி. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலிலேயே பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். ஆக உன் வண்டிக்கு 2028 ஓர் எல்லை. இப்போது வேலை பார்த்தால் அதுவரைக்கும் என்று நினைத்துத்தான் பார்க்கவேண்டும். அதுவரை தவணைப் பணத்தில் பாதியையாவது மாதாமாதம் போஸ்ட் ஆபீஸில் போட்டு வந்தால், அன்றைக்கு வாங்கவேண்டிய கடன் கணிசமாகக் குறையும். போன மாதம் 22-ம் தேதியிலிருந்து லோடு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகிவிட்டதே என்று ஷோரூம்காரர் அவசரப்படுத்துவார். வரி குறைந்தது நல்லதுதான், அதற்காக நாளைக்கே வாங்கவேண்டும் என்றில்லை.

இன்னொன்று. புது பி.எஸ்.6 இன்ஜின்களில் காமன் ரெயில், சென்சார் எல்லாம் வந்துவிட்டது. கோளாறு கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். மலைமேல் நின்றால் ஸ்பேனரோடு வந்து எழுப்பிவிடும் உன் மெக்கானிக் அங்கே கையைப் பிசைவார். அதையும் யோசி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன். அத்தை ஊறுகாய் கொடுத்துவிடுவாள். அதுவரை வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு மட்டும் விடாதே. ஆயில் எங்கெங்கே கசிந்திருக்கிறது என்று அழுக்கோடேயே நான் பார்க்கவேண்டும். சுத்தியலை நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மாமா