கோல் மார்க்கெட்டில் ஒரு பண்பாட்டு நடை

தமிழில் 'கோல்' என்றால் தடி, இந்தியில் வட்டமானது. புது தில்லியின் கோல் மார்க்கெட் 1921ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அதன் கட்டடம் பன்னிரண்டு பக்கங்களை உடையது.

அதன் அருகே நடந்து செல்லும் பயணி, பல இன மக்களின் மரபுகளைக் காணலாம். மந்திர் மார்க்கில் வங்காளியரின் காளி பாடி உள்ளது. அங்குத் துர்க்கை பூசையின்போது 'டாக்' என்னும் பெருமேளம் முழங்கும். பங்களா சாகிப் குருத்வாராவிற்குள் நுழைவோர் காலணி நீக்கி, தலையைத் துணியால் மூடிக்கொள்வர். லங்கரில் செல்வரும் வறியவரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்பர்.

பாபா கரக் சிங் மார்க்கில் மாநிலங்களின் கைவினை விற்பனை நிலையங்கள் உள்ளன. நாகர்களின் பல சால்வைகளில், நிறமும் வடிவமும் அணிபவரின் குழுவை உணர்த்தும். தமிழ்நாட்டின் நிலையம் 'பூம்புகார்' ஆகும்.

பயணி ஒருவர், "தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஏன் சாய்ந்து விழுவதில்லை?" என்று தில்லியில் வாழும் தமிழ்ச் சிறுமியிடம் வினவக்கூடும். அடிப்பகுதி கனமாக இருப்பதே காரணம் என்று அவள் விடை கூற வேண்டும். பிறர் மரபை மதிப்பதோடு, தம் மரபை அறிந்து எடுத்துரைப்பதும் நம் கடமையாகும்.

பயிற்சி
1. குருத்வாராவிற்குள் நுழைவோர் கடைப்பிடிக்கும் முறைகள் யாவை?
2. உம் வீட்டு மரபு ஒன்றை அண்டை வீட்டாருக்கு விளக்குவதுபோல் மூன்று தொடர்களில் எழுதுக.