ஸ்பேமும் நிற்கணும், ஆர்டரும் வரணும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சரக்கு ஏற்றிய லாரி எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆந்திரத்துக்குள் நுழைவதற்குள், அதற்கான பர்ச்சேஸ் ஆர்டரும் இன்வாய்ஸும் மெயிலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கும் தொழிற்சாலைகளில் இரண்டு புகார்கள் மாறி மாறி வரும். இன்பாக்ஸ் முழுக்கக் குப்பை என்பார் அக்கவுண்ட்ஸ்காரர். கஸ்டமர் அனுப்பிய ஆர்டரே வரவில்லை என்பார் சேல்ஸ்காரர். முதல் புகாருக்கு மருந்து தடுப்புப் பட்டியலான பிளாக்லிஸ்ட், இரண்டாவதற்கு விலக்குப் பட்டியலான வொயிட்லிஸ்ட். இரண்டில் அதிகக் கவனம் கேட்பது வொயிட்லிஸ்ட்தான். பிளாக்லிஸ்டில் பிழை இருந்தால் யாராவது போன் செய்து சத்தம் போடுவார்கள். வொயிட்லிஸ்டில் இருக்கும் ஓட்டை சத்தமே போடாது.

போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரையும் ஸ்பேம்அசாசின் வடிகட்டியையும் வைத்து, வேலையை வரிசையாகப் பார்க்கலாம்.

1. முதலில் லாக்

புகார் வந்ததும் செட்டிங்கில் கை வைக்கக் கூடாது. அனுப்பியவரின் முகவரியையும் நேரத்தையும் வைத்து மெயில் லாக்கில் தேட வேண்டும். 5-இல் தொடங்கும் குறியீடு என்றால் நிரந்தர மறுப்பு. எந்தப் பட்டியல் தடுத்தது என்பதும் பெரும்பாலும் அதே வரியில் இருக்கும். 4-இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு. எதிர்ப்பக்கச் சர்வர் மறுபடி முயலும். தடயமே இல்லையென்றால் மெயில் வாசலுக்கே வரவில்லை.

2. வெளிப் பட்டியலை இணைத்தல்

ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளை டிஎன்எஸ் வழியாக விசாரிக்கும் முறையை 1997-இல் பால் விக்ஸி தொடங்கிய ஆர்பிஎல் பிரபலமாக்கியது. 1998-இல் தொடங்கப்பட்ட ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் ‘ஸென்’ பட்டியல் இன்று பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதன் இலவசச் சேவை வணிகமல்லாத சிறு பயன்பாட்டுக்கு மட்டுமே. நிறுவனங்கள் விதிமுறையைப் படித்துவிட்டு இணைக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பேம்ஹாஸ் 127.255.255.254 என்று பிழைக் குறியீடு தரும். அதையும் ‘பட்டியலில் உள்ளது’ என்று சர்வர் எடுத்துக்கொண்டால் நல்ல மெயில் அத்தனையும் திரும்பிப் போகும். சொந்த டிஎன்எஸ் ரிசால்வர் நிறுவி, 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதில்களை மட்டும் ஏற்கும்படி எழுதினால் தப்பிக்கலாம். 127.0.0.2 என்ற முகவரி சோதனைக்காகவே பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. அதை விசாரித்துப் பதில் வந்தால் இணைப்பு சரி.

2024-இல் மூடப்பட்ட சார்ப்ஸ் போன்ற செத்த பட்டியல்களின் வரிகள் பழைய சர்வர்களில் கிடந்தால் எடுத்துவிட வேண்டும்.

3. ஒரு வாரம் ஒத்திகை

‘வார்ன் இஃப் ரிஜெக்ட்’ என்ற சொல்லைப் பட்டியல் விதிக்கு முன்னால் சேர்த்தால், போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலைத் தடுக்காது. தடுத்திருப்பேன் என்று லாக்கில் மட்டும் எழுதும். தெரிந்த வெண்டர் யாராவது அதில் சிக்குகிறார்களா என்று பார்த்த பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிடலாம்.

4. வொயிட்லிஸ்ட்

போஸ்ட்ஃபிக்ஸ் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். எனவே விலக்கு வரி பிளாக்லிஸ்டுக்கு மேலே இருக்க வேண்டும். ஆனால் பிறர் மெயிலை ரிலே செய்வதைத் தடுக்கும் வரிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இடம் மாறினால், விலக்கு பெற்றவர் உங்கள் சர்வர் வழியாக உலகத்துக்கே மெயில் அனுப்பலாம்.

விலக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. வெண்டரின் மெயில் சர்வர் ஐபி ஒன்றைச் சேர்த்தால் போதும். ஜிமெயில் டொமைன் முழுவதையும் திறந்துவிடுவது வம்பு. அனுப்புநர் பெயரை மட்டும் நம்புவது அதைவிட மோசம். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்’ என்ற போலி மெயில் வெண்டர் பெயரில் வந்தால், பெயரைப் பார்த்துத் திறக்கும் விலக்கு அதை நேரே இன்பாக்ஸில் சேர்த்துவிடும். ஸ்பேம்அசாசினில், அனுப்பிய டொமைன் உண்மையா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் சோதனையில் தேறினால்தான் விலக்கு தரும் ‘வொயிட்லிஸ்ட் ஆத்’ இருக்கிறது. 2022-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இதன் பெயர் ‘வெல்கம்லிஸ்ட் ஆத்’.

ஒவ்வொரு வரிக்கும் மேலே யார் கேட்டது, எதற்கு, எந்தத் தேதி என்ற குறிப்பு வேண்டும். கோப்பைத் திருத்தியதும் ‘போஸ்ட்மேப்’ ஓட்ட மறந்தால் மாற்றம் நடைமுறைக்கு வராது.

5. நம் ஐபியே பிளாக்லிஸ்டில் மாட்டினால்

2012-இன் முதல் காலாண்டில் உலக ஸ்பேமில் 9.3 சதவீதம் இந்தியக் கணினிகள் வழியாகப் போனதாக சோஃபோஸ் நிறுவனம் கணித்தது. அமெரிக்காவைத் தாண்டி முதலிடம். வைரஸ் பிடித்த சாதாரண கணினிகளே இதற்குக் காரணம். இப்படி மாட்டிக்கொள்ளாமலிருக்க, மெயில் சர்வரைத் தவிர அலுவலகத்தின் மற்ற கணினிகள் 25-ஆம் போர்ட்டில் வெளியே போவதை ஃபயர்வாலில் அடைக்க வேண்டும். மாறும் ஐபி உள்ள பிராட்பேண்டில் மெயில் சர்வர் நடத்தினால் ஸ்பேம்ஹாஸின் பிபிஎல் பட்டியலே தடுக்கும். நிலையான ஐபியும் ரிவர்ஸ் டிஎன்எஸும் அவசியம். பட்டியலிலிருந்து ஐபியை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கும் முன் காரணத்தைச் சரிசெய்ய வேண்டும். நீக்குவதற்கு ஸ்பேம்ஹாஸ் பணம் வாங்குவதில்லை. பணம் கேட்பவர் இடைத்தரகர்.

6. காலாண்டுக் கணக்கு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வொயிட்லிஸ்டை லாக்குடன் ஒப்பிட்டு, ஒருமுறைகூடப் பயன்படாத வரிகளை நீக்கலாம். வெண்டர் வேறு மெயில் சேவைக்கு மாறியிருந்தால் அவருடைய பழைய ஐபி இன்னொருவர் கைக்குப் போயிருக்கும். அந்த வரியை முதலில் எடுக்க வேண்டும்.