மலையேற்றத்தில் உழவு இயந்திரம் வலுக் குன்றுதல்

வயலிலும் சமதரை வீதியிலும் குறையின்றி ஓடும் உழவு இயந்திரம், மரக்கறி ஏற்றிய பெட்டியுடன் மலை வீதியில் ஏறும்போது மட்டும் தளர்ந்து நின்றுவிடுவதுண்டு. எஞ்சின் தேய்ந்துவிட்டதென எண்ணி, அதனை முற்றாகக் கழற்றிப் பழுதுபார்க்கக் கமக்காரர் சிலர் பெரும் பணம் செலவிடுகின்றனர். குறையோ பல வேளைகளிற் காற்று வடியிலோ எரிபொருள் வடியிலோ இருக்கும். செலவற்ற சோதனைகளை முதலில் ஒழுங்காகச் செய்தால் இந்நட்டத்தைத் தவிர்த்துக் கொள்ளலாம்.

ஏற்றத்தில் மட்டும் குறை தெரிவது ஏன்?

உழவு இயந்திரம், பெட்டி, பாரம் ஆகியவற்றின் மொத்த நிறை 5,000 கிலோகிராம் எனக் கொள்வோம். நல்ல தார் வீதியில், சமதரையில், மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் இதனை இழுக்கச் சில்லுகளில் 4 பரிவலுவும் தேவைப்படாது. பத்து அடி தூரத்துக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் அதே வேகத்தில் இழுப்பதற்கு ஏறக்குறைய 22 பரிவலு வேண்டும். ஆகவே 35 பரிவலு எஞ்சினொன்று தன் வலுவிற் பாதியை இழந்திருந்தாலும் சமதரையில் அது புலப்படாது, ஏற்றத்திலேயே வெளிப்படும். மலைவீதி குறையை உண்டாக்குவதில்லை. முன்னரே இருந்த குறையைக் காட்டிக் கொடுக்கின்றது.

உயரமும் கவனிக்கத்தக்கது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைகின்றது. சாதாரண டீசல் எஞ்சின் ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் ஏறக்குறைய நூற்றிலொரு பங்கு வலுவை இழக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில் இவ்விழப்பு ஐந்திலொரு பங்கை அண்மிக்கும். இது பழுதன்று, இதற்கு மருந்து பாரத்தைக் குறைத்தலேயாம்.

புகை கூறும் செய்தி

ஏற்றத்தில் எஞ்சின் தளரும்போது புகையின் நிறத்தை நோக்குக.

கரும்புகை: எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, அல்லது பாரம் மிகுந்துள்ளது. காற்று வடியை முதலிற் பார்க்க வேண்டும்.

புகை மிகாமல் வலு மட்டும் குன்றுதல்: எரிபொருள் போதிய அளவு வரவில்லை எனக் கருதலாம்.

வெண்புகை: எரிபொருள் முற்றாக எரியவில்லை. எரிபொருளில் நீர் கலத்தல், விசிறும் நேரம் பிழைத்தல், அமுக்கம் குறைதல் என்பன காரணமாகலாம்.

நீலப்புகை: எஞ்சின் எண்ணெய் எரிகின்றது. உள்ளே தேய்வு உண்டெனச் சந்தேகிக்கலாம்.

எஞ்சினின் ஓசை உயர்ந்தும் வண்டி வேகங் கொள்ளாவிடின் குறை எஞ்சினிலன்று, கிளச்சு வழுக்குகின்றது. எரிந்த மணமும் வீசும்.

சோதனை ஒழுங்கு

1. சில்லுகளின் காற்றமுக்கத்தைப் பார்க்க. சமதரையிற் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுப்பாகத்துக்கும் அருகே கையைப் பிடிக்க. ஒன்று மட்டும் மிகச் சூடாயிருப்பின் அதன் பிறேக்கு விடுபடாமற் பிடித்துக் கொண்டிருக்கலாம்.

2. வேகத் தடியை முற்றாகத் தள்ளும்போது எரிபொருட் பம்பியிலுள்ள நெம்பும் தன் எல்லைவரை செல்கின்றதா எனப் பார்க்க.

3. காற்று வடியைத் திறக்க. சூடடிப்புக் காலத்தில் நெற்பதரும் தூசியும் இதனை விரைவில் அடைத்துவிடும். வயற்பகுதியிற் சூடடித்த உழவு இயந்திரத்தை மலைநாட்டிற் பாரம் இழுக்க அனுப்புமுன் இதனைத் தவறாது செய்தல் வேண்டும். எண்ணெய்க் கிண்ணமுள்ள வடியாயின், அழுக்கெண்ணெயை அகற்றி, கம்பி வலையை டீசலிற் கழுவி உலர்த்தி, குறியளவுக்குப் புதிய எஞ்சின் எண்ணெய் இடுக. கடதாசி வடியாயின், உட்புறமிருந்து வெளிப்புறமாக மெல்லக் காற்று ஊதுக. கிழிந்திருப்பின் அல்லது எண்ணெய் படிந்திருப்பின் மாற்றுக.

4. சிறிது தூரம் நன்றாக ஏறிப் பின் தளர்ந்து, சற்று நிறுத்தியபின் மீண்டும் வலுப்பெறுமாயின், எரிபொருட் தாங்கியின் மூடியிலுள்ள சிறு துவாரத்தைப் பார்க்க. அது அடைபட்டால் எரிபொருள் இறங்காது. மூடியைத் தளர்த்தும்போது காற்று உட்செல்லும் ஒலி கேட்பின் அதுவே காரணமாகும்.

5. அடிக்கிண்ணத்தில் நீரும் மண்டியும் உண்டாவெனப் பார்த்து வடித்துவிடுக. பீப்பாவிலிருந்து டீசல் ஊற்றுவோர் அதனை முன்னரே தெளியவிட்டு, அடிப்பாகத்தை ஒதுக்கி, வடிகட்டி ஊற்றுதல் வேண்டும். வடியின் மூலகம் பழையதாயின் மாற்றுக. பின்னர் காற்றகற்றும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பியால் அடித்து, குமிழி நின்றபின் இறுக்குக.

6. கிளச்சு மிதியின் தளர்வு கைந்நூலிற் கூறிய அளவில் உள்ளதாவெனப் பார்த்துச் சரிசெய்க.

இவை யாவும் செவ்வையாயிருந்தும் வலுக் குன்றுமாயின், வால்வு இடைவெளி, விசிறி, பம்பி, அமுக்கம் என்பவற்றைத் தேர்ந்த தொழிலாளர் சோதித்தல் வேண்டும். பம்பியின் முத்திரையை உடைத்து எரிபொருளைக் கூட்டுவதாற் பயனில்லை. காற்று குறைந்தவிடத்து எரிபொருளைக் கூட்டினால் கரும்புகையும் வெப்பமும் மிகும். எஞ்சினின் ஆயுள் குறையும்.

உயிராபத்தைத் தவிர்த்தல்

ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்ட உழவு இயந்திரம் பாரத்துடன் பின்னோக்கி உருண்டால் அதனைத் தடுத்தல் அரிது. ஆகையால் ஏற்றத்தின் அடிவாரத்திலேயே தாழ்ந்த கியரை இடுக. நடுவில் மாற்ற முயலற்க. வீதியில் ஓட்டும்போது இடது வலது பிறேக்கு மிதிகள் இரண்டையும் ஒன்றாகக் கொளுவி வைக்க. எஞ்சின் நிற்குமாயின் முதலிற் பிறேக்கை மிதிக்க. கிளச்சை மட்டும் மிதித்தால் வண்டி பின்னே உருளும். சில்லுக்கு அடைகொடுக்கும் மரக்கட்டை இரண்டு எப்பொழுதும் பெட்டியில் இருத்தல் வேண்டும். மூட்டைகளின் மேல் ஆட்களை ஏற்றலாகாது. இறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணிக் கியரை விடுவித்து ஓட்டுதலும் பேராபத்தாகும்.

அறுவடை ஏற்றுமுன் அரைமணி நேரம் இச்சோதனைகளுக்கு ஒதுக்கும் கமக்காரர், நடுவழியில் வாடும் மரக்கறியையும் வீண் பழுதுச் செலவையும் தவிர்ப்பதோடு, சாரதியின் உயிரையும் காத்தவராவர்.